அய்யா கடைந்த கீ

"அண்ணே, அந்த ஸ்குரூவைக் கழட்டாத. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அய்யாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சோலை திருப்புளியைக் கிட்டாரின் தலைப்பக்கம் வைத்தபடியே நிமிர்ந்தான். வாசலில் தங்கை அழகுத்தாய். பதினைந்து வயது. முகம் வெளிறியிருந்தது. தாவணி நுனியை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக நின்றாள்.

"என்ன புள்ள, கணக்குல முட்டையா?"

"வெளயாடாத. சத்தியம் பண்ணு."

"சரி, சத்தியம். உள்ள வா, சாரல் அடிக்குது."

பாயில் அவன் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தாள். எதிரே கரண்டு கிட்டார். எழுபத்திரண்டில் சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரையின் மகன் சோலைக்கு விட்டுச் சென்றது. கட்டை திடமாக இருந்தது. கம்பியை முறுக்கிப் பிடிக்கும் கீ ஆறும்தான் பழசு. பாட்டு நடுவில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிவிடும். போடி மேடையிலும் அப்படி, கம்பம் மேடையிலும் அப்படி. போடியில் மெல்லிசைக் குழு நடத்தும் ராக்கப்பன், "மொதல்ல கீய மாத்திட்டு வா தம்பி" என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால்தான் தேயிலை பாக்டரியில் பிட்டராக இருக்கும் அய்யா நல்லதம்பி, ஒரு வாரம் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்கு வராமல், லேத்தில் பித்தளை கடைந்து ஆறு புதுக் கீ செய்து கொடுத்திருந்தார். இன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் மேடைக்கு ராக்கப்பன் ஜீப்பில் வருகிறார். கடைசிப் பாட்டு வரை சுருதி நின்றால், அதே ஜீப்பில் சோலை போடிக்குப் போய்விடுவான்.

"இப்பச் சொல்லு."

"பழைய கீ தானா நழுவல. நாந்தான்."

"நீதான் என்ன?"

"போடிக்குப் போற அன்னைக்கு, நீ குளிக்கப் போனப்ப, கீக்குப் பின்னாடி குட்டி ஸ்குரூ இருக்குல்ல, அத லூசாக்கி விட்டேன். கம்பத்துக்குப் போனப்பவும். பாவம் அய்யா, கீயிலதான் கோளாறுன்னு ஒரு வாரமா லேத்துல நின்னாக. இப்பப் பழசக் கழட்டி அவுக கையில குடுத்தா, ஸ்குரூவுல கீறலப் பாத்துருவாக. தோல உரிச்சுருவாக அண்ணே."

"எதுக்குடி பண்ணுன?"

"அம்மா செத்தப்பெறகு இருக்கதே மூணு பேரு. நீயும் போயிட்டா நான் யாரு கூடச் சண்ட போட?"

சோலை திருப்புளியைக் கீழே வைத்தான். பிறகு அவள் மண்டையில் ஒரு குட்டு வைத்தான்.

"அடி கூறுகெட்ட கழுத. ரெண்டு தடவயும் பஸ்ஸுலயே பாத்து இறுக்கிட்டேன்."

"இறுக்கிட்டியா? பெறகு எப்பிடி மேடையில சுருதி எறங்குச்சு?"

அவன் குனிந்து ஒரு பழைய கீயைக் கழற்றினான். அதைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"நாந்தான் எறக்குனேன்."

"நீயா?"

"ராக்கப்பண்ணன் தலைய ஆட்டிக் கேட்டாரு. இவரு நம்மள எடுத்துக்குவாருன்னு தெரிஞ்சுபோச்சு. அய்யாவுக்கு ராத்திரி இளைப்பு வந்தா வெந்நி வைக்க யாரு இருக்கா, இந்தக் கழுத எந்திரிக்காதேன்னு தோணுச்சு. கை தன்னால கீயத் திருகிருச்சு."

"போகலன்னு அய்யாகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"நீ போய்ச் சொல்லேன். எம் மவன் கொழுந்து மூட்டைக்கு நடுவுல கெடந்து மக்கக் கூடாது, மேடையில நிக்கணும்னு லயத்து வீடுக பூராச் சொல்லி வச்சிருக்காக. புதுச் சட்டை வேற தச்சாச்சு. அந்த மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்ல?"

"அப்ப இன்னைக்கும் எறக்கிரு."

"இன்னைக்கு முடியாது அழகு. கீ யாரு செஞ்சதுன்னு எஸ்டேட்டுக்கே தெரியும். எறங்குனா, நல்லதம்பி வேல இம்புட்டுத்தானாம்பான் ஒவ்வொருத்தனும். அவுக பூட்டுன போல்ட்டு இதுவரைக்கும் ஒண்ணு லூசானதில்ல. நான் ஊருக்குள்ள இருக்கணும்கிறதுக்காக அவுக பேரக் கெடுக்கவா?"

சோலை பழசையெல்லாம் கழற்றிவிட்டு, அய்யா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தான். அழகுத்தாய் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, புதுக் கீயை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஆறும் அந்தக் கட்டைக்கென்றே பிறந்ததுபோல் பொருந்தி உட்கார்ந்தன.

சோலை கம்பி மாட்டி, தடித்த கம்பியை முறுக்கினான். சுருதி ஏறி ஏறி வந்தது. சேர வேண்டிய இடத்தைத் தொடும் நேரம், சடக்கென்று கம்பி தொய்ந்தது. மறுபடி முறுக்கினான். மறுபடி தொய்ந்தது.

"மறுபடியும் நீயா?"

"ஆத்தா சத்தியமா இல்ல. பொட்டலத்தப் பிரிச்சதே நீதான."

அடுத்த கீயும் அப்படியே. அதற்கடுத்ததும். சோலை ஒன்றைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு ஒவ்வொன்றாக ஆறையும் கழற்றிப் பார்த்தான். எல்லாவற்றையும் தங்கையின் உள்ளங்கையில் வைத்தான்.

வேலையில் ஒரு பிசகும் இல்லை. கம்பியை நழுவாமல் பிடிக்கும் பல்சக்கரம் ஆறிலும் ஒரே அளவாக மும்மூன்று பல்லை அரத்தால் ராவி எடுத்து, விரலுக்குத் தட்டாதபடி உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தார் அய்யா.