வெர்னா வீட்டுப் பிள்ளைத்தாச்சி

"இன்னைக்கும் சாப்பிடலையாக்கா?"

"மீன் வெச்சேன், முகத்தைத் திருப்பிக்கிட்டா. அவளுக்கு ஓடு கழட்டின இறால்தான் வேணும். அதுவும் உடம்பு மெத்துனு இருக்கணும்."

ஓஹையோவின் காலைக் குளிரில், முழங்கால் ஆழ ஓடையில் நின்று கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள் வெர்னா. பிள்ளைத்தாச்சி ஒருத்தி வந்திருக்கிறாள் என்று அக்கா போனில் சொன்னதும் கிளம்பி வந்த அவள் தம்பி டுவைட், கையில் பார்சலோடு கரையில் நின்றான்.

"ரெண்டு நாள் பட்டினி போடு. தானா வழிக்கு வருவா."

"செத்தாலும் வேற எதையும் தொடமாட்டா. அவ இருந்த இடத்துல எவனோ எண்ணெயைக் கொட்டிட்டான். இனி அவ என் பொறுப்பு. குளிர்னா நீ போய் கார்ல உட்காரு."

அடுத்த கல்லுக்கு அடியில் கிடைத்தது, பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இன்னும் இறுகாத ஓர் இறால். வெர்னா வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே வந்த டுவைட் பார்சலைப் பிரித்தான். குழந்தைக்கான கம்பளிப் போர்வை.

"என் பொண்டாட்டி பின்னினது. எங்க அந்தப் பிள்ளைத்தாச்சி?"

வெர்னா கண்ணாடித் தொட்டிக்குள் இறாலை விட்டாள். ஈரக் கற்களுக்கு இடையிலிருந்து வயிறு பருத்த தண்ணீர்ப் பாம்பு ஒன்று தலைநீட்டி, நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டு, ஒரே வாயில் விழுங்கியது.

டுவைட் நாற்காலிமேல் நின்றான். "இ... இவளா?"

"இவதான். முட்டை போடாது, குட்டி போடுற சாதி. விஷமும் இல்ல."

வெர்னா மறுபடி வாளியை எடுத்தாள். டுவைட் அவள் நனைந்த பாவாடையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். பிறகு இறங்கிக் கால்சட்டையை மடித்துக்கொண்டான்.

"இரு, நானும் வரேன். அவளுக்கு இன்னும் பசி அடங்கல."