அப்பாவை இறக்கிய சாயங்காலம்

அடுக்களை மேடையில் வைத்துத் தமயந்தி தானே செய்த செயற்கைக்கோள் அது. அஞ்சறைப்பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குள் அப்பாவின் அஸ்தியில் ஒரு சிட்டிகையை வைத்து மேலே அனுப்பியிருந்தாள். விருதுநகரில் இப்போது பாதி வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். மிச்ச அஸ்தியைத் தம்பி குமரகுரு ராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டு வந்தான்.

ஆயுள் முடிந்த கோளைச் செய்தவரே கீழே இறக்கி எரித்துவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கான நாளும் வந்தது. சாயங்காலம் சித்தப்பாவும் தம்பியும் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார்கள்.

"கொள்ளி வச்சவன் இருக்கும்போது பொம்பளப்புள்ள எதுக்கு? தம்பியே அமுக்கட்டும்," என்றார் சித்தப்பா.

குமரகுரு அவளுடைய கைபேசியை வாங்கி, கோளை இறக்கும் பொத்தானில் விரலை வைத்தான். அது ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

"செஞ்சவ விரலுக்குத்தான் கேக்கும் சித்தப்பா," என்றாள் தமயந்தி.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவளைத் தெருமுனையிலேயே நிறுத்தியவர் சித்தப்பாதான். இப்போது அவரே விலகி நின்றார். அவள் விரலை வைத்தாள். திரையில் பச்சை எரிந்தது.

"திரும்பிப் பாக்காம கீழ இறங்கிரணும் தாயி," என்றார் அவர், சுடுகாட்டுப் பழக்கத்தில். தம்பியும் அவரும் அப்படியே படியிறங்கிப் போனார்கள்.

கோள் எரிந்துகொண்டு வருவது கண்ணில் பட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தமயந்தி பிளாஸ்டிக் நாற்காலியை அப்பா வருகிற திசைக்குத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.