தலைவர் உட்கார்ந்த பெஞ்சு

ஓர் ஊராட்சிப் பள்ளியில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. மழைக்காலத்தில் ஈரத்தரைக்குப் பயந்து பிள்ளைகள் அதில் நெருக்கியடித்து உட்காருவார்கள். ஊராட்சிக் கூட்டம் என்றால் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒருநாள் கூட்டம் முடிந்து, கால் ஆட ஆடத் திரும்பி வந்தது பெஞ்சு.

"என்ன அண்ணே, இன்றைக்கு என்ன பேசினார்கள்?" என்று கேட்டது கரும்பலகை.

"நம் பள்ளியைப் பற்றித்தான் தம்பி! பிள்ளைகள் ஈரத்தில் உட்காருகிறார்களே என்று தலைவர் கண்கலங்கிவிட்டார். அப்போது என்மேல்தான் உட்கார்ந்திருந்தார்."

"அடடா! புது பெஞ்சு வாங்கித் தருகிறாரா?"

"வாங்கலாமா என்று யோசிக்கக் குழு போட்டிருக்கிறார். அந்தக் குழு உட்கார நாளைக்கும் நான் போகவேண்டும்."

கரும்பலகை ஆணி கழன்றுவிடும்போலச் சிரித்தது.

"ரொம்பச் சிரிக்காதே. வாசலில் வைக்க உன்னையும் கேட்டிருக்கிறார்கள்."

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கரும்பலகை மட்டும் திரும்பி வந்தது. அதிலிருந்த கணக்குப் பாடத்தின்மேல், "கல்விக் காவலரே, வருக! வருக!" என்று வெள்ளை பெயின்டில் எழுதியிருந்தது. பிள்ளைகள் ஈரத்தரையில் உட்கார்ந்து, அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்கள்.

பெஞ்சு வரவில்லை. தலைவர் இன்னும் எழுந்திருக்கவில்லையாம்.