பொய் மேடு

"பாய், இங்கயே நிறுத்துங்க. இனிமே மேடு, நாங்க நடந்துக்கறோம்" என்றாள் ஆராயி.

அய்யூப் ஆட்டோவை ஓரங்கட்டினார். செங்கம் சாலையிலிருந்து பிரியும் அந்தத் தார் ரோடு, பார்த்தால் மலையை நோக்கி ஏறுகிற மாதிரிதான் இருக்கும். நிஜத்தில் அது இறக்கம். பின்னால் இருக்கிற மலைச்சரிவு கண்ணை ஏமாற்றிவிடுகிறது. வண்டியை நியூட்ரலில் விட்டால் தானாக மேட்டில் ஏறுவது போலத் தெரியும். ஆசிரமத்துப் பக்கம் தங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு இதைக் காட்டிக் காட்டி அய்யூப்புக்கு அலுத்துப்போய்விட்டது. அவர்கள் வாயைப் பிளக்கும்போதெல்லாம் இவரும் கூடவே பிளக்க வேண்டும்.

ஆராயிதான் வாயைப் பிளக்கவில்லை. ஒரு நாள் சவாரியில் இதைப் பார்த்ததுமே, "பாய், வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

அவள் கணவர் வேடியப்பன், பழைய லாரி டிரைவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து கட்டிலே கதி. டாக்டர் நடக்கச் சொல்லியும், நடந்தால் உயிர் போய்விடும் என்று படுத்தே கிடந்தார். இந்த மேட்டை ஏறிவிட்டால் மனுஷனுக்குத் தைரியம் வருமே என்று ஆராயி கணக்குப் போட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் வேங்கிக்கால் வீட்டிலிருந்து ஆட்டோ. இந்த முனையில் இறங்கி நடப்பார்கள். அந்த முனையில் அய்யூப் காத்திருந்து ஏற்றிக்கொள்வார்.

"மூச்சு வாங்குது ஆராயி" என்று பாதியில் நின்றார் வேடியப்பன்.

"அவ்ளோதாங்க, பாதி மேடு ஏறிட்டீங்க. என் தோளப் புடிச்சிக்கோங்க."

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் இழுத்து இழுத்து நடந்தாள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்த களைப்பு. அந்த முனையிலிருந்து பார்த்த அய்யூப்புக்குப் பாவமாக இருந்தது.

ஆட்டோவுக்கு வந்து சேர்ந்ததும் வேடியப்பன் சொன்னார்:

"இவ்ளோ பெரிய மேட்டையே ஏறிட்டேன். அடுத்த வாரம் மலை மேல இருக்கற விருபாட்ச குகைக்கு ஏறிடலாம். நீயும் வரணும்."

ஆராயியின் முகம் வெளுத்துவிட்டது. "அதுக்கு என்னாங்க அவசரம்? இளநி வாங்கியாறேன், இருங்க" என்று எதிரே இருந்த கடைக்குப் போனாள்.

அய்யூப் அண்ணாந்து மலையைப் பார்த்தார். இது நிஜ மலை. பாதிப் படியில் மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யார் பதில் சொல்வது? தினமும் கூட்டிவந்து விட்டவர் அவர்தானே.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. அக்காவுக்கு வாக்குக் குடுத்திருந்தேன், ஆனா சொல்லாம இருக்க முடியல. இது மேடே இல்லண்ணே, இறக்கம். இத நம்பி மலை ஏறிடாதீங்க."

வேடியப்பன் பதறவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் பாய். லாரி ஓட்டின காலத்துல இந்த எடத்துல வண்டிய நியூட்ரல்ல உட்டு டீசல் மிச்சம் புடிச்சவன் நானு."

"அப்ப தெனமும் மூச்சு வாங்கினது?"

"சும்மா."

அய்யூப்புக்கு எரிச்சல் வந்தது. "என்னண்ணே இது? அக்கா வீட்டு வேலய எல்லாம் முடிச்சிட்டு, உங்களுக்காக இந்த வெயில்ல கால் நோவ நடக்குது. உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?"

வேடியப்பன் கடைப் பக்கம் பார்த்தார். ஆராயி இளநீரை வாங்கிக்கொண்டு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு பாய். அவளுக்குத்தான் சுகர் ஜாஸ்தி. நடக்கலன்னா கால எடுக்க வேண்டி வரும்னு டாக்டரு மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. 'சமையக்கட்டுல நடக்கறது பத்தாதா'னு கேட்டுட்டு வந்துட்டா. எவ்ளோ கெஞ்சியும் தெரு முனைக்குக்கூட வரல. நான் பயந்த மாதிரி படுத்தப்பறம்தான் பாய், செருப்பயே மாட்டினா."