சனிக்கிழமை ஒத்திகை

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஆனந்தராஜுக்கு மனைவி துர்காதான் மாணவி. செராமிக் இன்ஜினியர்கள் சங்கம் விருத்தாசலத்தில் நடத்தும் இலவச குரூப் ஃபோர் வகுப்பில் மறுநாள் எடுக்க வேண்டிய பாடத்தை அவளிடம்தான் ஒத்திகை பார்ப்பார்.

"புரியலைங்க, திரும்பச் சொல்லுங்க" என்பாள், வெங்காயம் உரித்தபடி.

"மக்கு! உனக்கே புரிஞ்சிட்டா நாளைக்கு எல்லாருக்கும் புரிஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டே மறுபடி ஆரம்பிப்பார்.

தேர்வு முடிவு வந்தது. வகுப்பில் நாற்பது பேர், ஒருவர்கூடத் தேறவில்லை.

இடிந்துபோய் வீட்டுக்கு வந்தவரிடம் துர்கா ஒரு தாளை நீட்டினாள். தேர்ச்சிப் பட்டியல். அதில் அவள் பெயர்!

"நீ எப்ப எழுதின?"

"தங்கச்சி வூட்டுக்குன்னு போனேனே, அன்னிக்குத்தான். நீங்க நல்லாத்தாங்க சொல்லித்தர்றீங்க. மக்குன்னு சொல்லிடுவீங்கன்னு வகுப்புல அவங்க யாரும் திரும்பக் கேட்டிருக்க மாட்டாங்க. எனக்குத்தான் அந்தப் பயமே இல்லியே!"