பதினொன்றரைக்குச் சண்டை

கல்யாணமாகி இருபது வருடம் கழித்து மனைவி அமுதவல்லியை மலையுச்சிக்குக் கூட்டிப்போகத் துணிந்தார் திருமேனி. பயணம் எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் வீட்டுக் கருவியிடம் கேட்டார்.

"உச்சியில் பலத்த காற்று. பதினொன்றரைக்குச் சண்டை. காரணம், ஸ்வெட்டர் எடுத்து வராதது," என்றது அது.

அலறியடித்துக்கொண்டு ஸ்வெட்டரை எடுத்து வைத்தார்.

"பதினொன்றரைக்குச் சண்டை. காரணம், மஃப்ளர் இல்லாதது."

மஃப்ளர், பிளாஸ்க், தைலம் என்று வீட்டையே பைக்குள் திணித்தார்.

"பதினொன்றரைக்குச் சண்டை. காரணம், பையை யார் தூக்குவது என்பது."

திருமேனிக்குப் பொறுமை போய்விட்டது. "போதும்டா சாமி! மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரத்து பண்ணு!"

"பயணம் ரத்து. சண்டை பதினொன்றரை வரை காத்திருக்காது," என்றது கருவி.

அவர் திரும்பினார். வாசலில் புது ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த அமுதவல்லி மெல்ல நிமிர்ந்தாள்.

"யாரக் கேட்டு ரத்து பண்ணுனீங்க?"