ஏழாவது படிவம்

டாக்டர் ஜாகிர் அனுப்பிய பதினோரு படிவங்களில் பத்தில் இறந்த நேரம் தப்பு.

ஆதிலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். தப்பு தப்புதான்.

ஆபரேஷனில் ஒருவர் இறந்துபோனால் சர்ஜன் ஒரு படிவம் நிரப்பி ஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அவர் எழுதியது சரிதானா என்று கேஸ் ஷீட்டை வைத்துச் சரிபார்ப்பது ஆதிலட்சுமியின் வேலை. நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு வெறும் நம்பர்தான் வரும். சர்ஜன் பெயர் மட்டும் தெரியும். ஒரு நிமிஷம் மாறியிருந்தாலும் சிவப்பு மையில் சுழித்துவிடுவாள். ஊரில் பாதி சர்ஜன்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது.

ஆனால் இவர் ஜாகிர்.

அவருடைய தியேட்டரில் ஒன்பது வருஷம் நர்ஸாக நின்றவள் அவள். கத்தாத சர்ஜன் என்று அவள் பார்த்தது அவர் ஒருவரைத்தான். நோன்பு மாசம் வந்தால் முல்லா வீதியிலிருந்து அவர் அம்மா காய்ச்சிய கஞ்சி பெரிய தூக்கில் வரும். நோன்பு வைத்தவர், வைக்காதவர் எல்லோரும் குடிப்பார்கள். ஆதிலட்சுமி இரண்டு டம்ளர் குடிப்பாள். வேலை மாறி வந்து ஆறு வருஷமாகியும் நாக்கு அதை மறக்கவில்லை.

மூன்று படிவங்களுக்கு மேல் தவறினால், அந்த சர்ஜன் எழுதிய எதையும் நம்ப வேண்டாம் என்று குழு ஒதுக்கிவிடும். அவருடைய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போகும். அந்த மனுஷனுக்கா அப்படியொரு கடிதம்?

இத்தனைக்கும் மற்றதெல்லாம் துளி பிசகாமல் இருந்தது. எவ்வளவு ரத்தம் போனது, தன் பக்கம் என்ன தவறு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். புயலன்று இன்னொரு சர்ஜன் காலாப்பட்டில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதால், வேறு வழியில்லாமல் தானே கத்தியை எடுத்ததாகக்கூட ஒரு படிவத்தில் இருந்தது. அது ஏழாவது. அதில் மட்டும் இறந்த நேரமும் கச்சிதமாகப் பொருந்தியது.

மற்ற பத்தில் ஒன்றில் பதினைந்து நிமிஷம் வித்தியாசம், ஒன்றில் இருபது, ஒன்றில் நாற்பது. எல்லாமே தள்ளித்தான் இருந்தன, ஒன்றுகூட முந்தவில்லை. அவருடைய பழைய கைக்கடிகாரம் அப்போதே சண்டித்தனம் பண்ணும். இன்னுமா அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுகூட யோசித்தாள்.

பிறகுதான் நர்ஸ் குறிப்பின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. உறவினருக்குத் தெரிவித்த நேரம். பத்து கேஸிலும் அந்த நேரத்தைத்தான் ஜாகிர் எழுதியிருந்தார்.

அவளுக்கு ஞாபகம் வந்தது. சாவுச் செய்தி சொல்ல அவர் ஜூனியரை அனுப்பமாட்டார். ரத்தம் பட்ட உடையை மாற்றுவார். முகம் கழுவுவார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொல்வார்.

விதிப்படி சர்ஜனிடம் ஒரு முறை விளக்கம் கேட்கலாம். போன் போட்டுக் கேட்டாள்.

ஜாகிர் முதலில் எந்தெந்தப் படிவம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, “நான் போய் சொல்ற வரைக்கும் வெளியில உக்காந்திருக்கவங்களுக்கு அவங்க ஆளு உயிரோடதான சிஸ்டர் இருக்காரு,” என்றார். “அதுக்கு முன்னாடி நேரத்தப் போட கை வரமாட்டேங்குது.”

ஆதிலட்சுமி அவரை ஒரு பிடி பிடித்தாள். உங்கள் மனசு தங்கம்தான், ஆனால் படிவம் கேட்பது மானிட்டர் காட்டிய நேரத்தை, மனசை இல்லை என்றாள். நாளைக்கே நேரில் வந்து பத்தையும் திருத்திக் கையெழுத்துப் போட்டால் தப்பிக்கலாம் என்றாள். அவ்வளவு பெரிய சர்ஜன் சரி சிஸ்டர், சரி சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் போகாது. அந்த நிம்மதியில் அவளுக்குக் கேலி வந்துவிட்டது.

“புயலன்னைக்கு வந்த கேஸ்ல மட்டும் ஒழுங்கா எழுதியிருக்கீங்களே சார். அன்னைக்கு வெளியில யாரும் உக்காந்திருக்கலையா?”

“இல்ல சிஸ்டர்,” என்றார் ஜாகிர். “வெளியில யாரும் இல்ல.”

நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பாவம், நாதியில்லாத பொம்பளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ஆதிலட்சுமி. வயது எழுபத்தொன்று என்று போட்டிருந்தது. நேரம் பொருந்தியதால் அந்தக் கேஸ் ஷீட்டை மட்டும் அவள் கடைசிவரை புரட்டவில்லை. இப்போது புரட்டினாள்.

இறந்த நேரம், மாலை 4.12. உறவினருக்குத் தெரிவித்த நேரம், மாலை 4.12.

உறவுமுறை, மகன்.

அதற்குக் கீழே உறவினர் கையெழுத்து. காலையிலிருந்து பதினோரு படிவங்களின் அடியிலும் அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே கையெழுத்து.